பழைய எரிபொருள் மானியச் சட்டம் போகிறதே, நம் பணமும் போகுமா?

கேள்வி:

ஐயா, நானும் மனைவியும் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மேற்கே, பக்கத்து ஊருக்கே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டவேண்டிய இடத்தில் ஒரு ரோடுஹவுஸ் நடத்துகிறோம். 2022 தொடக்கத்தில் ஒரு பெரியவரிடமிருந்து வாங்கினோம். பெட்ரோல், டீசல் பம்ப், சாப்பாடு, தங்க ஆறு அறைகள். மின்சார லைன் கிடையாது. ஜெனரேட்டர்தான், குளிர் அறையும் ஏசியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 150 லிட்டர் டீசல் குடிக்கிறது. பம்பில் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் லிட்டர் விற்பனை. தொலைதூரப் பகுதிகளுக்கான எரிபொருள் மானியம் பற்றிய காலாவதியான சட்டங்களை ரத்து செய்கிறார்கள் என்று படித்ததிலிருந்து மனைவிக்குத் தூக்கம் இல்லை. பழைய முதலாளி விட்டுப்போன அட்டைப்பெட்டி ஒன்றில் 'லிட்டருக்கு 2 சென்ட்' என்று மானியத் தாள்கள் இருக்கின்றன. எங்களுக்கு வரவேண்டியது ஏதாவது நின்றுவிடுமா? அவர் வாங்கியதை எங்களிடம் திருப்பிக் கேட்பார்களா? பெட்டியைத் தூக்கிப் போடலாமா? ரோடு ட்ரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் பெரிய லாரி) ஓட்டும் நண்பர் ஒருவர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்து கேட்கிறார். போடலாமா? கடைசியாக வரி அலுவலகத்துக்குக் கொடுத்த பிஏஎஸ் (ஜிஎஸ்டி முதலிய வியாபார வரிக் கணக்கு) படிவத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் மனைவியை முதலில் தூங்கச் சொல்லுங்கள். இந்த ரத்தினால் உங்களுக்கு ஒரு சென்ட்கூட நிற்காது. காரணம் எளிது. அந்தப் பழைய மானியம் எதுவும் உங்களுக்கு வந்துகொண்டிருக்கவே இல்லை. நீங்கள் ரோடுஹவுஸ் வாங்கும் முன்பே, பல வருடங்களுக்கு முன்பே அது நின்றுவிட்டது. இப்போது எடுப்பது வெறும் கூட்டை.

ஆனால் நீங்கள் அனுப்பிய பிஏஎஸ் நகலைப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் போனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டது.

மானியச் சட்டம் என்றால் நம்மில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. பணம் நிற்கும் நாளும் சட்டம் நீங்கும் நாளும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பணத்தைப் பெரும்பாலும் பட்ஜெட்டில் நிறுத்துகிறார்கள். அன்று பம்பில் விலை ஏறும், செய்தியில் சத்தம் கேட்கும். சட்டப் புத்தகத்தில் அந்தப் பெயர் அதற்கு அப்புறமும் வருடக்கணக்கில் கிடக்கும். பிறகு யாரோ ஒரு அதிகாரி தூசி தட்டும்போது அகப்பட்டு, பத்து இருபது செத்த சட்டங்களோடு சேர்த்து ஒரே மசோதாவில் கட்டி வெளியே அனுப்புகிறார்கள். உங்களைப் பயமுறுத்தியது இந்த இரண்டாவது நாளின் செய்தி.

இந்த மானியங்களின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் பெட்டியில் இருக்கும் தாள்கள் எந்தக் காலத்தவை என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்கலாம்.

1963 தேர்தலில் பிரதமர் மென்சீஸ் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: நாட்டுப்புறத்தில் பெட்ரோல் விலை தலைநகர விலையைவிட காலனுக்கு 4 பென்ஸுக்கு மேல் அதிகமாக இருக்காது. அதற்காக வந்ததுதான் மாநிலங்களுக்கான மானியம் (பெட்ரோலியப் பொருட்கள்) சட்டம், 1965. கான்பரா, அதாவது மத்திய அரசு, நேரடியாக எண்ணெய் வியாபாரிக்குக் கொடுக்கவில்லை. பணத்தை மாநிலத்துக்குக் கொடுத்தது. மாநிலம் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டு விநியோகஸ்தருக்குக் கொடுத்தது. அதனால்தான் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் அதே ஆண்டில் 'பெட்ரோலியப் பொருட்கள் மானியச் சட்டம்' என்று ஒரு ஜோடிச் சட்டம் பிறந்தது. ஒரு திட்டம், ஊர் முழுக்கச் சட்டம். பிற்காலத்தில் துப்புரவு செய்பவர்களுக்கு வேலை கூடியதும் இதனால்தான். கான்பராவில் ஒன்றை எடுத்துவிட்டால் மாநிலத்தில் அதன் ஜோடி தானாகப் போய்விடாது.

இன்னொரு வேடிக்கை. அந்தச் சட்டம் வந்த சில மாதங்களிலேயே, 1966 பிப்ரவரி 14 அன்று, பென்ஸே போய்விட்டது. டாலரும் சென்டும் வந்தன. 4 பென்ஸ் என்பது மூன்று சென்டும் கொஞ்சமும் ஆனது. பிறகு காலனும் போய் லிட்டர் வந்தது. 1974-ல் விட்லம் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. 1978-ல் ஃப்ரேசர் அரசு சரக்குக் கட்டண மானியமாக அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இதெல்லாம் உங்கள் பெட்டியில் இருக்க வாய்ப்பில்லை. அந்தப் பணம் விநியோகஸ்தர் வழியாகப் போனது.

நீங்கள் சொல்லும் 'லிட்டருக்கு 2 சென்ட்' வேறு. 2000 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோல் மீதான கலால் வரியைக் குறைத்தார்கள், விலை ஏறக்கூடாது என்று. நகரத்தில் அந்தக் கணக்கு ஓரளவு சரிப்பட்டது. ஆனால் ஜிஎஸ்டி விலையில் பத்து சதவீதம். கலால் லிட்டருக்கு இத்தனை சென்ட். உங்கள் ஊரில் விலையே அதிகம், அதனால் பத்து சதவீதமும் அதிகம். கலால் குறைப்பு மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. இந்த இடைவெளியை நிரப்ப எரிபொருள் விற்பனை மானியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நகரத்துக்கு வெளியே லிட்டருக்கு 1 சென்ட், தொலைதூரப் பகுதியில் 2 சென்ட். விற்பவர் பதிவு செய்துகொண்டு வரி அலுவலகத்திடம் வாங்கவேண்டும். 2004-ல் ஹோவர்ட் அரசின் எரிசக்தி வெள்ளை அறிக்கை இதற்கு நாள் குறித்தது. 2006 ஜூன் 30-ஓடு முடிந்தது. உங்கள் பெரியவர் அந்த ஆறு வருடமும் ஒழுங்காக வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

பெட்டியில் மாநில அரசின் தாள்களும் இருக்கலாம், பாருங்கள். 1997-ல் ஹா என்பவர் தொடுத்த வழக்கில், மாநிலங்கள் புகையிலை மேல் வாங்கிய உரிமக் கட்டணம் உண்மையில் கலால் வரிதான், அது மாநிலத்தின் அதிகாரத்தில் இல்லை என்று நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே அடியில் பெட்ரோல் கட்டணமும் சாய்ந்தது. மாநிலங்களுக்காகக் கான்பராவே லிட்டருக்கு 8 சென்ட் சொச்சம் கூடுதலாக வசூலித்துத் திருப்பிக் கொடுத்தது. குயின்ஸ்லாந்து அதுவரை பெட்ரோலுக்கு அப்படி ஒரு கட்டணமே வாங்கியதில்லை. திடீரென்று தன் மக்கள் தலையில் ஏறிய வரியை இறக்க, அது லிட்டருக்கு 8.354 சென்ட் மானியம் கொடுத்தது. 2009 ஜூன் 30 வரை. ஜூலை 1 காலை ஜிஎஸ்டியோடு சேர்த்து லிட்டருக்கு ஒன்பது சென்ட்டுக்கு மேல் ஏறியது. எனக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருக்கிறது. முந்தைய நாள் டேங்கில் இருந்த சரக்குக்கு மானியம் உண்டா இல்லையா என்று கேட்டுத் தொலைபேசி ஓயவில்லை. பணம் நிற்பதென்றால் அப்படித்தான் இருக்கும். இப்போது உங்களுக்கு அப்படி ஒரு தொலைபேசி வந்ததா? வரவில்லை அல்லவா.

சரி, அப்படியானால் ஏன் இப்போது மெனக்கெட்டு ரத்து செய்யவேண்டும்? செத்த சட்டம் சும்மா கிடந்தால் யாருக்கு என்ன? கொஞ்சம் நஷ்டம் உண்டு. சில மானியச் சட்டங்களில், தேவையான பணத்தை ஒவ்வொரு முறையும் கேட்காமலே அரசு நிதியிலிருந்து எடுக்கலாம் என்ற வாசகம் இருக்கும். யாரும் எடுக்காவிட்டாலும் அந்தக் கதவு திறந்தே கிடப்பது நல்ல வீட்டுப் பழக்கம் இல்லை. அப்புறம், உங்களைப் போன்றவர்கள் சட்டத்தைத் தேடும்போது உயிருள்ளது எது, இல்லாதது எது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். மற்றபடி இதில் அரசியல் விளம்பரமும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். 2014 மார்ச் 26-ல் அபட் அரசு 'ரத்து நாள்' என்றே ஒரு நாள் வைத்தது. 10,000-க்கு மேற்பட்ட சட்டங்களும் விதிகளும், 50,000 பக்கங்களுக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். அதில் 1901 முதல் 1969 வரையிலான திருத்தச் சட்டங்களே ஆயிரத்துக்கு மேல். 'ஈ-மெயில்' என்பதிலிருந்த சின்னக் கோட்டை எடுத்ததுகூடச் சேர்த்தி என்று எதிர்க்கட்சி கேலி செய்தது. வியாபாரம் செய்கிறவர்களின் காகித வேலை அதனால் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், என் அலுவலக அலமாரியில் ஒரு கோப்பும் மெலியவில்லை.

நீங்கள் படித்த மசோதாவின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை. பரவாயில்லை. பெயர் எதுவானாலும் அதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மசோதாவை விடுங்கள், கூடவே ஒரு விளக்கக் குறிப்பு வரும், நாடாளுமன்றத் தளத்திலேயே கிடைக்கும். அதன் முதல் சில பக்கங்களில் 'நிதித் தாக்கம்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அங்கே 'இல்லை' என்று எழுதியிருந்தால் அது செத்த சட்டத்தின் ஈமச்சடங்கு. அங்கே ஒரு தொகை, நாலு வருடத்துக்கு இத்தனை மில்லியன் சேமிப்பு என்று அட்டவணை இருந்தால், யாரோ ஒருவரின் பையிலிருந்து பணம் போகிறது. அப்போது எனக்கு எழுதுங்கள். மசோதா அறிமுகமாவது வேறு, சட்டமாவது வேறு என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டு அவைகளும் நிறைவேற்றி, கவர்னர் ஜெனரல் ஒப்புதல் கொடுத்து, நடைமுறைக்கு வரும் நாள் வந்த பிறகுதான் எதுவும் மாறும்.

பட்டியலில் 'ஃபியூவல் டாக்ஸ் (எரிபொருள் வரி) திருத்தச் சட்டம்' என்பதுபோல் ஏதாவது கண்ணில் பட்டாலும் பதற வேண்டாம். திருத்தச் சட்டம் என்பது ஊசி மாதிரி. மூலச் சட்டத்தில் தைத்து முடித்ததும் அதன் வேலை தீர்ந்தது. அப்புறம் ஊசியை எடுத்து வைத்தால் தையல் பிரியாது.

திருப்பிக் கேட்பார்களா என்ற பயத்துக்கு வருவோம். ஒரு சட்டத்தை ரத்து செய்தால் அதன் கீழ் முன்பே நடந்ததெல்லாம் நடக்காதது ஆகிவிடாது. சட்டங்களுக்குப் பொருள் கொள்ளும் சட்டம் 1901-ன் 7-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது: ரத்துக்கு முன் சேர்ந்த உரிமையும் ஏற்பட்ட பொறுப்பும் அப்படியே நிற்கும். பெரியவர் 2003-ல் நியாயமாக வாங்கிய 2 சென்ட் அவருடையது. சட்டம் போவதால் அது கடனாக மாறாது. மறுபக்கமும் உண்டு: தப்பாக வாங்கியிருந்தால் ரத்து அதைக் கழுவிவிடாது. ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய சில்லறையைத் தேடி யாரும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. அதோடு, உங்களுக்கு இன்னொரு காப்பு இருக்கலாம். விற்பனை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இடம், கட்டடம், பம்ப், சரக்கு, பெயர் என்று சொத்தாக வாங்கினீர்களா, அல்லது பெரியவரின் கம்பெனியின் பங்குகளை வாங்கினீர்களா? சொத்தாக வாங்கியிருந்தால் அவருடைய பழைய வரி விவகாரங்கள் அவரோடு. கம்பெனியையே வாங்கியிருந்தால் அதன் பழைய நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான் வந்திருக்கும். பெரும்பாலான சின்ன ரோடுஹவுஸ்கள் முதல் வகையில்தான் கைமாறுகின்றன.

அந்த ஆறு வருடத்தில் பெரியவர் ஏதாவது வாங்காமல் விட்டிருந்தால் இப்போது கேட்கலாமா என்றால், முடியாது. காலக்கெடு எப்போதோ போய்விட்டது.

பெட்டியை எரிக்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். வரிக்காக ஆவணங்களை 5 வருடம் வைத்திருந்தால் பொதுவாகப் போதும். கம்பெனி என்றால் நிதிக் கணக்குகளை 7 வருடம். அந்தக் கணக்குப்படி 2006-க்கு முந்தைய மானியத் தாள்களுக்கு ஆயுள் முடிந்தது, போட்டுவிடலாம். ஆனால் அதே பெட்டியில் நிலத்தடி டேங்கின் அளவுக் குறிப்புகள் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். மானியம் கேட்க எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை லிட்டர் விற்றது என்று பெரியவர் எழுதி வைத்திருப்பார். குச்சி விட்டு அளந்த நோட்டும் கூடவே இருக்கலாம். வரிக்கு அது குப்பை. நாளைக்கு நீங்கள் இடத்தை விற்கும்போது, வாங்குபவரின் வக்கீல் 'இந்த டேங்க் எப்போதாவது கசிந்ததா' என்று கேட்டால், அந்த நோட்டு தங்கம். நிலத்தில் டீசல் இறங்கியிருந்தால் சுத்தம் செய்யும் செலவு ஒரு ரோடுஹவுஸின் விலையையே தின்றுவிடும். வந்ததும் போனதும் ஒத்துப்போகும் பழைய நோட்டுக்கு அப்போது ஈடு கிடையாது. என் வாடிக்கையாளர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டு மொத்தப் பெட்டியையும் எரித்தார். 'வரிக்குத் தேவையில்லை' என்று மட்டும் சொன்னேன். டேங்க் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்தத் தப்பை மறுபடி செய்ய விரும்பவில்லை.

இப்போது உங்கள் பிஏஎஸ்.

உங்கள் அக்கவுண்டன்ட் ஜெனரேட்டருக்கான டீசலைச் செலவில் எழுதியிருக்கிறார், அதன் ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்டிருக்கிறார். நல்லது. ஆனால் 7டி என்ற கட்டம் காலியாக இருக்கிறது. ஃபியூவல் டாக்ஸ் கிரெடிட், அதாவது எரிபொருளில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும் தொகை, எழுதவேண்டிய கட்டம் அது. உங்களுக்கு உண்மையிலேயே சேரவேண்டிய எரிபொருள் பணம் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. மூன்று வருடமாக அதைக் கேட்காமல் இருந்திருக்கிறீர்கள்.

நீங்கள் வாங்கும் ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் கலால் வரி அடங்கியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் அது லிட்டருக்கு 50.8 சென்ட். வருடத்துக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் விலைவாசிக்கு ஏற்ப மாறும். வியாபாரத்துக்காக மின்சாரம் எடுக்க எரிக்கும் டீசலுக்கு இந்த வரியை முழுவதும் திரும்பக் கேட்கலாம் என்கிறது ஃபியூவல் டாக்ஸ் சட்டம், 2006. ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்றால் வருடத்துக்கு 54,750 லிட்டர். 50.8 சென்ட் வீதம் பெருக்கினால் சுமார் 27,800 டாலர். உங்கள் மனைவி எதற்காகத் தூக்கத்தைத் தொலைத்தாரோ அந்தப் பழைய 2 சென்ட் மானியம் இன்று உயிரோடு இருந்தாலும், உங்கள் 4 லட்சம் லிட்டர் விற்பனைக்கு 8,000 டாலர்தான் வந்திருக்கும்.

இதைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு, ரோடுஹவுஸுக்கே உரிய சிக்கல். விற்பதற்காக வாங்கும் டீசலுக்கு இந்தக் கிரெடிட் கிடையாது. நீங்களே எரிப்பதற்கு மட்டும்தான். உங்கள் ஜெனரேட்டர் தனி டேங்கிலிருந்து குடிக்கிறதா, அல்லது பம்புக்குப் போகும் அதே நிலத்தடி டேங்கிலிருந்தா? தனி டேங்க் என்றால் வேலை சுலபம். அதில் ஊற்றிய இன்வாய்ஸே கணக்கு. ஒரே டேங்க் என்றால் ஜெனரேட்டருக்குப் போகும் குழாயில் ஒரு மீட்டர் மாட்டுங்கள். சில நூறு டாலர் ஆகும். தினமும் காலையில் ஜெனரேட்டரின் ஓடிய மணியையும் மீட்டர் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், பென்சிலில் எழுதினாலும் பரவாயில்லை. கடந்த வருடங்களுக்கு மீட்டர் இல்லையே என்றால், வாங்கிய மொத்த லிட்டரிலிருந்து பம்பில் விற்ற லிட்டரைக் கழியுங்கள். மீதி எங்கே போனது என்பதை ஜெனரேட்டரின் மணிக்கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். நியாயமான பகிர்வாக இருந்தால் வரி அலுவலகம் ஏற்கும். தலையில் தோன்றிய ரவுண்டு எண்ணை எழுதினால் ஏற்காது. '150 லிட்டர்' என்று எனக்கு எழுதியதை அப்படியே 365-ஆல் பெருக்கி 7டியில் போடாதீர்கள். குளிர்காலத்தில் ஏசி ஓடாத மாதங்களில் அது 150 இருக்காது என்று எனக்கே தெரிகிறது.

சாமான் வாங்க ஊருக்குப் போகும் யூட்டுக்கு (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) ஊற்றிய டீசலை இதில் சேர்க்கக்கூடாது. நாலரை டன்னுக்கு மேற்படாத வண்டி பொதுச் சாலையில் ஓடினால் கிரெடிட் இல்லை. உங்கள் சாலை தார் காணாத மண் சாலையாக இருந்தாலும் அது பொதுச் சாலைதான். உங்கள் நண்பரின் ரோடு ட்ரெயினுக்கு உண்டு, ஆனால் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் போக மிச்சம்தான்.

செய்யவேண்டிய முறை இது. ஜிஎஸ்டி பதிவு உங்களுக்கு இருக்கிறது; ஃபியூவல் டாக்ஸ் கிரெடிட்டுக்கும் பதிவு வேண்டும், அக்கவுண்டன்ட் ஒரே நாளில் சேர்த்துவிடுவார். விட்டுப்போன காலாண்டுகளின் தொகையை அடுத்த பிஏஎஸ்ஸிலேயே சேர்த்துக் கேட்கலாம், ஆனால் பொதுவாக 4 வருடக் கெடு. 2022 தொடக்கத்தில் வாங்கியவர் நீங்கள். முதல் காலாண்டுதான் முதலில் கைநழுவும், அதனால் இந்த மாதமே உட்காருங்கள். ஒவ்வொரு டெலிவரிக்கும் அது வாங்கிய நாளில் இருந்த விகிதத்தையே போடவேண்டும். வருடத்துக்கு 10,000 டாலருக்குக் கீழே கேட்பவர்களுக்குச் சுலப முறைகள் உண்டு. உங்கள் தொகைக்கு அது பொருந்தாது. முக்கியமாக 2022 மார்ச் 30 முதல் செப்டம்பர் 28 வரை கலாலைப் பாதியாக்கியிருந்தார்கள், 44.2 சென்ட் 22.1 ஆனது. அந்த ஆறு மாத இன்வாய்ஸ்களுக்கு ஜூலை 31 வரை 22.1, ஆகஸ்ட் 1 முதல் 23 சென்ட் கணக்கில்தான் வரும். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வரும் கிரெடிட் வருமானத்தில் சேரும், அதற்கு வருமான வரி உண்டு என்பதையும் அக்கவுண்டன்டிடம் சொல்லிவிடுங்கள். அவரைத் திட்டாதீர்கள். நகரத்து அக்கவுண்டன்டுகளுக்கு ஜெனரேட்டரில் ஓடும் கடையைப் பார்த்த அனுபவம் குறைவு. நீங்கள் 'டீசல்' என்று சொன்னதும் அவர் யூட்டை நினைத்திருப்பார்.

கூடவே ஒன்று. உங்கள் இருவரின் வருமான வரிப் படிவத்தில் தொலைதூரப் பகுதிச் சலுகை கேட்கிறீர்களா? 183 நாள் அங்கே வசித்தால் பகுதியைப் பொறுத்து வரியில் கழிவு உண்டு. சிறப்புப் பகுதி என்றால் அடிப்படைத் தொகையே 1,173 டாலர். இதில் ரசிக்கவேண்டியது, சிறப்புப் பகுதியா என்று தீர்மானிக்க, 2,500 பேர் உள்ள ஊரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். அந்த 2,500 பேரை எண்ணுவது 1981 மக்கள்தொகைக் கணக்குப்படி! பழைய சட்டமென்றால் செத்த சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இது பழையது, ஆனால் பணம் தருகிறது.

அதேபோல உங்கள் பம்பில் சாதாரண பெட்ரோலுக்குப் பதில் ஓபல் போன்ற குறைந்த நறுமணச்சேர்ம எரிபொருள் விற்கிறீர்கள் என்றால், அதற்கு அரசு தரும் ஆதரவு தனி. பெட்ரோலை முகர்ந்து இளைஞர்கள் சீரழிவதைத் தடுக்க வந்தது அது. அதற்கென்று 2013-ல் தனிச் சட்டமே இருக்கிறது. பழைய மானியச் சட்டங்களோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மனுவுக்கு வருகிறேன். உங்கள் நண்பரின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஊருக்குள் வரும் ஒவ்வொரு லிட்டரும் பல நூறு கிலோமீட்டர் லாரியில் வருகிறது. அந்த வாடகையை யாராவது பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் 'இந்தச் சட்டத்தை ரத்து செய்யாதீர்கள்' என்று எழுதினால், அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வரும்: இந்தத் திட்டத்தில் யாருக்கும் எதுவும் வழங்கப்படுவதில்லை. அதோடு கோப்பு மூடிவிடும். நான் கையெழுத்துப் போடமாட்டேன். வேண்டுமானால் மனுவைத் திருத்தச் சொல்லுங்கள். தொலைதூரச் சரக்குக் கட்டணத்துக்குப் புதிதாக என்ன வேண்டும், யாருக்குக் கொடுக்கவேண்டும், விற்பவருக்கா வாங்குபவருக்கா, கொடுத்த பணம் பம்ப் விலையில் தெரிவதை எப்படிப் பார்ப்பது என்று எழுதச் சொல்லுங்கள். விற்பவர் கையில் கொடுத்த மானியம் விலையில் தெரிகிறதா என்பது இந்த வகைத் திட்டங்களையெல்லாம் துரத்திய கேள்வி. அதற்குப் பதில் இல்லாத மனு இரண்டாம் பக்கத்தைத் தாண்டாது.

அப்புறம் நீங்கள் கண் வைக்கவேண்டிய சட்டம் ஒன்றுதான். 2006-ன் ஃபியூவல் டாக்ஸ் சட்டம். பெரிய சுரங்கக் கம்பெனிகள் அதில் வாங்கும் தொகையைப் பார்த்து அதைக் குறைக்கவேண்டும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு என்றாவது பட்ஜெட்டில் ஏறினால், சுரங்கத்துக்கு வெட்டும் கத்தி உங்கள் ஜெனரேட்டரையும் தொடுமா என்று அன்று பார்க்கவேண்டும். அந்த மசோதாவின் விளக்கக் குறிப்பில் நிதித் தாக்கத்துக்கு நேரே 'இல்லை' என்று இருக்காது.

இப்போதைக்கு எனக்கு மூன்று அனுப்புங்கள்: 2022-லிருந்து டீசல் டெலிவரி இன்வாய்ஸ்கள், பம்பின் மாதாந்திர விற்பனை அளவு, ஜெனரேட்டரின் மணிக்கணக்கு இருந்தால் அது. இல்லாவிட்டால் அதைச் சர்வீஸ் செய்ய வருபவரிடம் கேளுங்கள். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஓடிய மணியை அவர் தன் நோட்டில் எழுதியிருப்பார்.